மறுவிற்பனை மதிப்பும் அமெரிக்க வீடும்: ஒரு வரலாறு

வீட்டைக் கட்டும்போதே, பின்னாளில் விற்க நேர்ந்தால் என்ன விலை கிடைக்கும் என்று எண்ணி இடம், பரப்பு, அறைகளின் அமைப்பு, கூரை, முகப்பு ஆகியவற்றைத் தேர்ந்தெடுப்பது இன்று பல நாடுகளில் வழக்கமாக உள்ளது. அவ்வாறு கிடைக்கக்கூடிய விலை மறுவிற்பனை மதிப்பு எனப்படுகிறது. வீடு கட்டும் எவரும் என்றைக்கும் இப்படித்தான் யோசித்திருப்பார்கள் என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால் இந்தப் பழக்கம் மிகவும் வேரூன்றிய நாடான அமெரிக்க ஐக்கிய நாடுகளில்கூட, இதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டு வரலாறுதான் உண்டு. 1930-களில் வகுக்கப்பட்ட வீட்டுக் கடன் விதிகள் அதை நாடு முழுவதற்குமான நடைமுறையாக்கின.

மறுவிற்பனையை எண்ணிக் கட்டுபவர், இதுவரை கண்டிராத ஒருவருக்காகக் கட்டுகிறார். நாளை வீட்டை வாங்கப்போகும் அந்த மனிதருக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது என்பதை யாரோ ஊகித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் அதை ஊகித்தவர்கள் யார், அந்த ஊகம் எந்த அளவுக்குச் சரியாக இருந்தது, தவறியபோது யார் விலை கொடுத்தார்கள் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

கடன் பெருகுவதற்கு முன்

19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் உழவர்களும் சிறு வணிகர்களும் தங்கள் தேவைக்கும் கைப்பணத்துக்கும் ஏற்ப வீடு கட்டினர். முதலில் ஓர் அறை கட்டி, குடும்பம் பெருகப் பெருக அறைகளைச் சேர்த்துக்கொள்வது இயல்பாக இருந்தது. நகரத் தொழிலாளர்களுள் பெரும்பாலோர் வாடகை வீட்டில் வாழ்ந்தனர். 1831-இல் பிலடெல்பியாவை அடுத்த பிராங்க்போர்டில், அந்நாட்டின் முதல் கட்டடக் கடன் சங்கம் தொடங்கப்பட்டது. உறுப்பினர்கள் மாதந்தோறும் பணம் செலுத்த, சேர்ந்த தொகையிலிருந்து ஒருவர் பின் ஒருவராகக் கடன் பெற்று வீடு கட்டிக்கொள்ள அச்சங்கம் உதவியது. நம் ஊர்ச் சீட்டுக் கட்டும் முறையை அறிந்தவர்களுக்கு இதன் அடிப்படை எளிதில் விளங்கும்.

வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் கொடுத்த வீட்டுக் கடன் அக்காலத்தில் மிகவும் குறுகியது. வீட்டு மதிப்பில் பாதி அளவே கடன் கிடைக்கும். ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்குள், பெரும்பாலும் அசல் முழுவதையும் ஒரே தவணையில் திருப்பிச் செலுத்த வேண்டும். மீதிப் பாதிப் பணம் வீட்டுக்காரருடையது என்பதால் கடன் கொடுத்தவருக்கு இழப்பு அச்சம் குறைவு. ஆகவே வீட்டின் வடிவத்தைப் பற்றிக் கடன் கொடுப்பவர் அதிகம் கவலைப்படவில்லை.

1908 முதல் 1940 வரை சியர்ஸ் நிறுவனம் அஞ்சல் வழியாக வீடுகளையே விற்றது. விலைப்பட்டியலில் படம் பார்த்துத் தேர்ந்தெடுத்தால், அறுத்த மரங்கள், ஆணி, கதவு, சாயம் எல்லாம் ரயில் பெட்டியில் வந்து இறங்கும். அந்நிறுவனம் சுமார் 70,000 வீடுகளை இவ்வாறு விற்றதாகக் கணக்கிடப்படுகிறது. சியர்ஸின் வடிவமைப்பாளர்கள் வரைந்த அமைப்பையும் வாங்குபவர் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம். அந்த வீடு, கட்டுகிறவருடைய வீடாகவே கருதப்பட்டது.

1920-கள்: வீடு முதலீடாகிறது

முதல் உலகப் போருக்குப் பின் நிலைமை மாறத் தொடங்கியது. வணிகத் துறை அமைச்சராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர் சொந்த வீட்டு உரிமையை நாட்டுக் கொள்கையாகப் பரப்பினார். 1922-இல் தொடங்கிய ‘சிறந்த வீடுகள்’ இயக்கத்துக்கு அவர் துணை நின்றார். 1923-இல் அவருடைய துறை, வீடு வாங்குவோருக்கான வழிகாட்டி நூல் ஒன்றை வெளியிட்டது.

அதே காலத்தில் நிலப் பயன்பாட்டு மண்டல முறை பரவியது. எந்தத் தெருவில் தொழிற்சாலை, எதில் கடை, எதில் தனி வீடு என்று நகராட்சி வகுத்துவிடும் முறை இது. ஒஹையோ மாநிலத்தின் யூக்ளிட் ஊராட்சி தொடர்பான வழக்கில், 1926-இல் உச்ச நீதிமன்றம் இம்முறை செல்லும் எனத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு, தனி வீடுகள் நிறைந்த பகுதிக்குள் நுழையும் அடுக்குமாடிக் குடியிருப்பை ஒட்டுண்ணிக்கு ஒப்பிட்டது. ஒரு வீட்டின் விலை அந்த வீட்டைப் போலவே அக்கம் பக்கத்தையும் பொறுத்தது என்ற கருத்து இவ்வாறு சட்டத்துக்குள் இடம் பெற்றது.

வீட்டுத் தரகர்களின் தேசியச் சங்கம் 1924-இல் தன் ஒழுக்க விதிகளில் ஒரு பிரிவைச் சேர்த்தது. ஒரு பகுதியின் சொத்து மதிப்பைக் குறைக்கும் எனக் கருதப்படும் இனத்தவரையோ நாட்டினரையோ அப்பகுதிக்குள் கொண்டுவருவதற்கு எந்தத் தரகரும் கருவியாக இருக்கக்கூடாது என்பது அதன் பொருள். இனப் பாகுபாடு இங்கே ‘சொத்து மதிப்பு’ என்ற பெயரில் தொழில் ஒழுக்கமாக எழுதிவைக்கப்பட்டதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். பின்வரும் வரலாற்றில் இதே சொல் திரும்பத் திரும்ப வரும்.

பெருமந்தமும் புதிய கடன் முறையும்

1929-இல் தொடங்கிய பெருமந்தத்தில் பழைய கடன் முறை நொறுங்கியது. 1933-இல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 வீடுகள் ஜப்தி செய்யப்பட்டன. அவ்வாண்டு அரசு வீட்டு உரிமையாளர் கடன் கழகத்தை நிறுவியது. அது தவணை தவறிய சுமார் 10 லட்சம் கடன்களை ஏற்று, 15 ஆண்டுகளில் மாதத் தவணையாக அசலும் வட்டியும் சேர்த்துச் செலுத்தும் கடன்களாக மாற்றித் தந்தது.

1934-இல் தேசிய வீட்டுவசதிச் சட்டத்தின்கீழ் கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் உருவானது. இந்த அமைப்பு யாருக்கும் நேரடியாகக் கடன் கொடுக்கவில்லை. வங்கி கொடுக்கும் கடனுக்குக் காப்பீடு அளித்தது. கடன் வாங்கியவர் செலுத்தத் தவறினால் வங்கியின் இழப்பை நிர்வாகம் ஈடுகட்டும். இதனால் வங்கிகள் துணிந்து வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரை, 20 ஆண்டுத் தவணையில் கடன் கொடுத்தன. 1938-இல் சிறு வீடுகளுக்கு இது 90 சதவீதமாகவும் 25 ஆண்டுகளாகவும் உயர்ந்தது. 1972 வரை ஏறத்தாழ 1.1 கோடிக் குடும்பங்கள் சொந்த வீடு பெற இந்நிர்வாகம் உதவியது. 1940-இல் 43.6 சதவீதமாக இருந்த சொந்த வீட்டுக்காரர் விகிதம், போருக்குப் பின் படைவீரர்களுக்குக் கிடைத்த கடன் உதவியும் சேர, 1960-இல் 61.9 சதவீதமானது. சாதாரணத் தொழிலாளிக்கு வீடு எட்டியது இந்த ஏற்பாட்டின் பெருமை.

ஆனால் இதே ஏற்பாடு வீட்டின் வடிவத்தையும் மாற்றியது. 90 சதவீதம் கடன் என்றால், வீட்டுக்காரர் போட்ட பணம் பத்தில் ஒரு பங்குதான். அவர் தவறினால் அந்த வீட்டை விற்றே மீதியைத் தேற்ற வேண்டும். கடன் முடிய 20, 25 ஆண்டுகள் ஆகும். எனவே காப்பீடு கொடுக்கும் அதிகாரிக்கு ஒவ்வொரு வீட்டைப் பற்றியும் ஒரே கேள்வி எழுந்தது: ‘இதை இன்னும் பல ஆண்டுகள் கழித்தும் வேறொருவர் வாங்குவாரா?’ அன்று வரை வீட்டுக்காரர் தம் விருப்பத்துக்குக் கேட்டுக்கொண்ட கேள்வி, இப்போது கடன் கிடைப்பதற்கான நிபந்தனையாயிற்று.

கையேடு வகுத்த வீடு

நிர்வாகம் தன் மதிப்பீட்டாளர்களுக்காக விரிவான கையேடு ஒன்றை வெளியிட்டது. சொத்து மதிப்பீட்டைப் பற்றி முன்னரே நூல்கள் எழுதியிருந்த பிரடெரிக் பாப்காக் இப்பணிக்குப் பொறுப்பாக இருந்தார். கட்டடம், இடம், கடன் வாங்குபவர் என ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் தரும் முறை அதில் இருந்தது. இடத்துக்கான மதிப்பெண்ணில், பகுதியின் பொருளாதார நிலைத்தன்மைக்கு 40 சதவீதமும், ‘தீய தாக்கங்களிலிருந்து பாதுகாப்பு’ என்பதற்கு 20 சதவீதமும் ஒதுக்கப்பட்டன.

கையேட்டில் நல்ல பகுதிகள் பல இருந்தன. அடித்தளம், வடிகால், மரத்தின் தரம், அறைகளுக்கு வெளிச்சமும் காற்றோட்டமும் வருதல், ஓர் அறை வழியாக நடக்காமல் இன்னோர் அறைக்குச் செல்லும் வசதி ஆகியவற்றுக்குக் குறைந்தபட்ச அளவுகோல் வந்தது. சிறு வீடுகளைத் திட்டமிடுவது பற்றி 1936-இல் நிர்வாகம் வெளியிட்ட சிறு நூல், வீண் இடமில்லாத கச்சிதமான அமைப்புகளைப் படத்துடன் விளக்கியது. முன்பு ஏமாற்றிக் கட்டிவிட்டுப் போன ஒப்பந்தக்காரர்களிடமிருந்து இந்த அளவுகோல்கள் வீடு வாங்குவோரைக் காத்தன.

வீட்டின் தோற்றத்தைப் பொறுத்தவரை கையேடு வேறு வழியில் சென்றது. சுற்றியுள்ள வீடுகளோடு ஒத்துப்போகாத வீட்டுக்கு மதிப்பெண் குறைந்தது. மிகப் புதுமையான வடிவம் விரைவில் பழையதாகிவிடும், வாங்குவோர் குறைவர் என்பது அதற்குச் சொன்ன காரணம்.

இதன் விளைவை மிச்சிகன் மாநிலத்தின் ஒக்கெமஸ் ஊரில் காணலாம். 1930-களின் இறுதியில் அங்குள்ள கல்லூரி ஆசிரியர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து நிலம் வாங்கி, புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் பிராங்க் லாய்ட் ரைட்டைக் கொண்டு தங்களுக்கு வீடுகள் வரையச் செய்தனர். தட்டைக் கூரை, தளத்துக்கு அடியில் வெந்நீர்க் குழாய் பதித்து வீட்டைச் சூடாக்குதல், சமையலறையும் கூடமும் இணைந்த திறந்த அமைப்பு என்பவை ரைட் ‘யுசோனியன்’ எனப் பெயரிட்ட சிறு வீடுகளின் இயல்புகள். நிர்வாகம் கடன் காப்பீடு மறுத்துவிட்டது. சுவர்கள் கூரையைத் தாங்கா, தளத்தைச் சூடாக்கும் முறை நடைமுறைக்கு ஒவ்வாது, வழக்கத்துக்கு மாறான வடிவத்தால் பின்னாளில் விற்பது கடினம் என்ற மூன்று காரணங்கள் கூறப்பட்டன. ஆசிரியர்களின் கூட்டுத் திட்டம் கலைந்தது. அவர்களுள் இருவர் மட்டும் வேறு வழியில் பணம் திரட்டி, 1940-இல் ரைட்டைக் கொண்டு வீடு கட்டிக்கொண்டனர். அந்த வீடு இன்றும் நிற்கிறது.

விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசனில் ரைட் இதே முறையில் ஜேக்கப்ஸ் குடும்பத்துக்காக 1937-இல் கட்டிய வீடு, 2019-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. சுவர்கள் கூரையைத் தாங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. கையேட்டின் மூன்றாவது காரணம் கவனிக்கத்தக்கது. விற்க முடியாது என்ற ஊகத்தால் கடன் மறுக்கப்பட்டது. கடன் கிடைக்காத வீட்டை வாங்க யாராலும் எளிதில் இயலாது. இவ்வாறு ஊகம் தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொண்டது.

‘தீய தாக்கங்கள்’

மதிப்பீட்டுக் கையேட்டின் மிகக் கொடிய பகுதி அக்கம் பக்கத்தைப் பற்றியது. புகை, இரைச்சல், தொழிற்சாலை ஆகியவற்றோடு, ஒவ்வாத இனத்தவர் குடிவருவதும் தீய தாக்கமாக எண்ணப்பட்டது. அதைத் தடுக்க, மனைப் பத்திரத்திலேயே இன்ன இனத்தவருக்கு விற்கக்கூடாது என நிபந்தனை எழுதுவதைக் கையேடு பரிந்துரைத்தது.

டெட்ராய்ட் நகரின் வடபகுதியில் 1941-இல் ஒரு நிறுவனம் வெள்ளையருக்கான புதிய குடியிருப்பு அமைக்க முனைந்தது. பக்கத்திலேயே கறுப்பின மக்கள் வாழ்ந்ததால் கடன் காப்பீடு கிடைக்கவில்லை. அந்நிறுவனம் இரு பகுதிகளுக்கும் இடையே சுமார் 6 அடி உயரத்தில், அரை மைல் நீளத்துக்குக் கான்கிரீட் சுவர் எழுப்பியது. அதன்பின் காப்பீடு கிடைத்தது. அந்தச் சுவர் இன்றும் இருக்கிறது. அதன் ஒரு பகுதியில் அப்பகுதி மக்கள் ஓவியங்கள் தீட்டியுள்ளனர். அவ்வளவு கான்கிரீட்டும் எவருக்கும் வெயிலிலிருந்தோ மழையிலிருந்தோ காப்பளிக்கவில்லை. நாளை வாங்கப்போகும் வெள்ளையரின் மனத்தை ஊகித்தே அது கட்டப்பட்டது.

1948-இல் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில், இத்தகைய இன நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக்கூடாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1950 பிப்ரவரிக்குப் பின் புதிதாக இன நிபந்தனை எழுதப்பட்ட சொத்துகளுக்கு நிர்வாகம் காப்பீட்டை நிறுத்தியது. வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் பாகுபாட்டைத் தடைசெய்யும் கூட்டாட்சிச் சட்டம் 1968-இல்தான் வந்தது. இடைப்பட்ட ஒரு தலைமுறைக் காலத்தில் வெள்ளையர் குடும்பங்கள் அரசின் உதவியோடு வாங்கிய வீடுகள் விலையேறி, அவர்களின் பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவாகவும் வாரிசுச் சொத்தாகவும் மாறின. கறுப்பினக் குடும்பங்கள் பெரும்பாலும் அந்த வாய்ப்பை இழந்தன. இரு பிரிவினரின் செல்வ நிலையில் இன்றும் உள்ள பெரும் இடைவெளிக்கு இது முக்கியக் காரணங்களுள் ஒன்று.

இவ்வளவுக்கும் அடிப்படையான ஊகம் சரியானதுதானா? லூயிஜி லாரன்டி என்ற பொருளியலாளர் சான் பிரான்சிஸ்கோ, ஓக்லண்ட், பிலடெல்பியா முதலிய நகரங்களின் விற்பனை விலைகளை ஆராய்ந்து, 1960-இல் ‘சொத்து மதிப்பும் இனமும்’ என்ற நூலை வெளியிட்டார். கறுப்பினத்தவர் குடிவந்த பகுதிகளை, மற்ற வகையில் அவற்றை ஒத்த பகுதிகளோடு அவர் ஒப்பிட்டார். பெரும்பாலான இடங்களில் விலை குறையவில்லை; நிலையாகவோ கூடுதலாகவோ இருந்தது. கால் நூற்றாண்டு கடைப்பிடிக்கப்பட்ட விதிக்கு ஆதாரம் அந்த அளவில்தான் இருந்தது.

லெவிட்டவுன்

இக்கடன் முறையின் முழு உருவம் நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் எழுந்த லெவிட்டவுன். 1947 முதல் 1951 வரை லெவிட் நிறுவனம் உருளைக்கிழங்கு வயல்களாக இருந்த நிலத்தில் 17,447 வீடுகளைக் கட்டியது. மனை 60 அடிக்கு 100 அடி. வீடு 750 சதுர அடி. வேலை 27 படிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு குழுவும் ஒரே வேலையை வீடு வீடாகச் செய்து சென்றது. 1949-ஆம் ஆண்டின் வீட்டு விலை 7,990 டாலர். போரிலிருந்து திரும்பிய வீரர் முன்பணமின்றியே குடிபுகலாம்.

லெவிட் நிறுவனம் எடுத்த இரு முடிவுகளை ஒப்பிடுவது பயனுள்ளது. முதலாவது, மாடிப் பகுதியை வேலை முடிக்காமல் வெறுமையாக விட்டது. செலவைக் குறைக்கச் செய்த இந்த ஏற்பாடு பின்னர் வீட்டுக்காரர்களுக்குப் பெரும் வாய்ப்பானது. குழந்தைகள் பிறந்ததும் அங்கே இரு படுக்கையறைகள் அமைத்தார்கள். பக்கவாட்டிலும் நீட்டிக் கட்டினார்கள். இன்று கட்டியபடியே இருக்கும் லெவிட்டவுன் வீட்டைக் காண்பது அரிது. இரண்டாவது, 1950-ஆம் ஆண்டு மாதிரியில் மாடிப்படியின் பக்கச் சுவரிலேயே தொலைக்காட்சிப் பெட்டியைப் பதித்துக் கொடுத்தது. வாங்க வந்தவர்களை அது கவர்ந்தது. சில ஆண்டுகளில் பெரிய திரைகள் வந்துவிட, சுவரில் இருந்த அந்த இடம் பயனற்றுப் போனது. அன்றைய கவர்ச்சியைவிட, நாளை வருபவர் தம் தேவைக்கு மாற்றிக்கொள்ளும் வாய்ப்பே வீட்டோடு நிலைத்தது.

தொடக்கத்தில் லெவிட் நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் வெள்ளையர் அல்லாதார் குடியிருக்கக்கூடாது என்ற நிபந்தனை இருந்தது. 1949-இல் அந்த வாசகம் நீக்கப்பட்ட பின்னரும் நிறுவனம் கறுப்பினத்தவருக்கு விற்கவில்லை. பென்சில்வேனியாவில் அதே நிறுவனம் கட்டிய இரண்டாவது லெவிட்டவுனில், 1957 ஆகஸ்டில் பில், டெய்சி மையர்ஸ் தம்பதியர் முன்னாள் உரிமையாளர் ஒருவரிடமிருந்து நேரடியாக வீடு வாங்கிக் குழந்தைகளோடு குடியேறினர். வாரக்கணக்கில் கூட்டம் கூடிக் கல்லெறிந்தது; மாநிலக் காவல் துறையும் நீதிமன்றமும் தலையிட வேண்டியிருந்தது. அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அவரைப் பார்க்கும்போதெல்லாம் என் வீட்டு விலையில் 2,000 டாலர் குறைவதாகத் தோன்றுகிறது என்று அண்டை வீட்டார் ஒருவர் கூறியது அன்றைய இதழில் வெளிவந்தது. 1924-ஆம் ஆண்டுத் தரகர் விதியின் மொழி அதற்குள் சாதாரணக் குடும்பத்தின் பேச்சாகிவிட்டிருந்தது.

மாறுபட்ட ஒரு கட்டுநர்

எல்லாக் கட்டுநர்களும் இவ்வழியில் செல்லவில்லை. ரைட் வரைந்த வீடு ஒன்றில் சிலகாலம் வாடகைக்கு வாழ்ந்த ஜோசப் ஐக்லர், அதனால் ஈர்க்கப்பட்டுக் கலிபோர்னியாவில் ஏறத்தாழ 11,000 வீடுகளைக் கட்டி விற்றார். தட்டையான அல்லது தாழ்சரிவுக் கூரை, தரை முதல் கூரை வரை கண்ணாடி, வீட்டின் நடுவே திறந்த முற்றம் ஆகியவை அவற்றின் அடையாளங்கள். நம் தொட்டிக்கட்டு வீடுகளை அறிந்தவர்களுக்கு வானம் தெரியும் முற்றத்தின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

ஐக்லர் எந்த இனத்தவருக்கும் வீடு விற்றார். இன வேறுபாடின்றி விற்கும் கொள்கையை ஆதரிக்க மறுத்த வீடு கட்டுநர் தேசியச் சங்கத்திலிருந்து 1958-இல் விலகினார். கையேட்டின் பார்வையில் அவருடைய வீடுகள் இருவகையிலும் இடர் நிறைந்தவை: வடிவமும் புதியது, அக்கம் பக்கமும் கலப்பானது. இன்று அவ்வீடுகளைத் தேடி வாங்குவோர் உள்ளனர். பழைய வடிவம் கெடாமல் காக்க உள்ளூர் விதிகளே இயற்றப்பட்டுள்ளன.

வரி, படிவம், பரப்பு

20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மறுவிற்பனை எண்ணத்தை மேலும் சில ஏற்பாடுகள் வளர்த்தன. 1951-ஆம் ஆண்டு வரிச் சட்டம், வீடு விற்ற இலாபத்தை அதற்கு இணையான அல்லது உயர்ந்த விலையுள்ள வீட்டில் போட்டால் வரியைத் தள்ளிவைத்தது. இதனால் ஒரு குடும்பம் படிப்படியாகப் பெரிய வீட்டுக்கு மாறுவது ஆதாயமானது. 1997-இல் வந்த சட்டம், தனி நபருக்கு 2,50,000 டாலர், தம்பதியருக்கு 5,00,000 டாலர் வரையிலான இலாபத்துக்கு வரிவிலக்கு அளித்தது.

கடன்களைத் திரட்டி வாங்கி விற்கும் பெரு நிறுவனங்கள் எங்கும் ஒரே மாதிரியான மதிப்பீட்டுப் படிவத்தை வேண்டின. மதிப்பிடும் வீட்டை, அருகில் அண்மையில் விற்ற குறைந்தது மூன்று வீடுகளோடு ஒப்பிட வேண்டும் என்பது அதன் அடிப்படை. பரப்பு, படுக்கையறை, குளியலறை, வண்டி நிறுத்தும் அறை ஆகிய எண்ணத்தக்கவை படிவத்தில் எளிதில் ஏறின. நல்ல காற்றோட்டம், பின்மாலை வெயில் விழாத சமையலறை, கனமான சுவர் ஆகியவை எளிதில் ஏறவில்லை. கட்டுநர்களும் எண்ணத்தக்கவற்றைப் பெருக்கினர். புதிய தனி வீடுகளின் இடைநிலைப் பரப்பு 1973-இல் 1,525 சதுர அடி. 2015-இல் 2,467 சதுர அடி. இதே காலத்தில் குடும்பங்கள் சுருங்கின. 1970-இல் வீட்டுக்கு 3.14 பேர், 2015-இல் 2.54 பேர்.

1980-களின் பிற்பகுதியிலிருந்து வீட்டுப் புதுப்பிப்புத் தொழிலுக்கான இதழ் ஒன்று, எந்த வேலைக்குச் செய்த செலவில் எவ்வளவு விற்பனை விலையில் திரும்பும் என்ற ஒப்பீட்டைப் பல ஆண்டுகள் வெளியிட்டது. அதில் பெரும்பாலும் தெரிவது இதுதான்: வெளிச்சுவர்ப் பூச்சு, கதவு போன்ற எளிய மாற்றங்கள் செலவில் பெரும்பகுதியைத் திருப்பித் தருகின்றன. ஆடம்பரச் சமையலறை, கூடுதல் படுக்கையறைத் தொகுதி போன்றவற்றில் போட்ட பணத்தில் அதைவிடக் குறைந்த பங்கே திரும்புகிறது. மறுவிற்பனைக்காக என்று செய்யப்படும் பெருஞ்செலவுகள் பெரும்பாலும் மறுவிற்பனையில் கிடைப்பதில்லை.

ஜப்பான் காட்டும் மறுபக்கம்

மறுவிற்பனையை அடியோடு எண்ணாத நாடு எப்படியிருக்கும் என்பதற்கு ஜப்பானை எடுத்துக்கொள்ளலாம். அங்கே மர வீட்டுக்கு வரிக் கணக்கில் 22 ஆண்டு ஆயுள்தான். அதன்பின் கட்டடத்துக்குச் சந்தையில் பெரும்பாலும் விலை இல்லை, மனைக்கே விலை. வாங்குபவர் பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டுவார். நாளை வாங்குபவரைப் பற்றிய கவலை இல்லாததால், ஜப்பானியக் கட்டடக் கலைஞர்கள் சிறு மனைகளில் துணிச்சலான வீடுகளைப் படைத்தனர். மறுபுறம், ஒரு குடும்பம் முப்பது ஆண்டுகள் கடன் கட்டி முடிக்கும்போது அதன் வீட்டுக்கு மதிப்பில்லாமல் போகிறது. இடிப்பதால் மரமும் உழைப்பும் வீணாகின்றன. ஆகவே ஜப்பான் அரசு நீண்ட காலம் நிற்கும் தரமான வீடுகளுக்குச் சான்றும் வரிச் சலுகையும் தரும் சட்டத்தை 2009-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பின்னால் வருபவரை முற்றிலும் மறந்து கட்டுவதற்கும் ஒரு விலை உண்டு என்பதை இது உணர்த்துகிறது.

2008-உம் அதன் பின்னும்

வீட்டு விலை ஏறிக்கொண்டே இருக்கும் என்ற நம்பிக்கை 2006-க்குப் பின் அமெரிக்காவில் உடைந்தது. நாடு தழுவிய விலைக் குறியீடு 2012-க்குள் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வீழ்ந்தது. இதற்குச் சற்று முன்னரே, 2005-இல், பொருளியலாளர் ராபர்ட் ஷில்லர் ஒரு நூற்றாண்டுக் கணக்கை எடுத்துக் காட்டியிருந்தார். 1890 முதல் 2004 வரை, விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தால், அமெரிக்க வீட்டு விலை ஆண்டுக்குச் சராசரியாக 0.4 சதவீதமே ஏறியிருந்தது. வீடு என்பது பெருக்கும் முதலீடு என்ற எண்ணத்துக்கு வரலாற்றுக் கணக்கு தந்த ஆதரவு அவ்வளவே.

நம் சூழலில்

தமிழ்நாட்டில் வீட்டுக் கடன் பரவலானது 1977-இல் எச்.டி.எப்.சி. நிறுவனம் தொடங்கப்பட்ட பின், சிறப்பாக 1990-களுக்குப் பின்தான். இன்று இங்கும் வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து பார்த்த பிறகே கடன் கிடைக்கிறது. கட்டுபவர்களின் பேச்சிலும் நாளை வாங்குபவர் வந்துவிட்டார். ‘எங்களுக்கு வாஸ்துவில் நம்பிக்கை இல்லை, ஆனால் விற்கும்போது கேட்பார்களே’ என்று வாசலைத் திருப்பி வைப்பவர்கள் உண்டு. இந்த இனத்தவருக்கு, இந்த உணவுப் பழக்கம் உள்ளவருக்கு மட்டும் வீடு என்று சொல்பவர்களும் ‘எனக்கொன்றுமில்லை, மற்றவர்கள் விரும்பமாட்டார்கள்’ என்றே தொடங்குகிறார்கள். 1957-இல் பென்சில்வேனியாவில் கேட்ட குரலோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அமெரிக்க வரலாற்றிலிருந்து வீடு கட்டுவோர் எடுத்துக்கொள்ளத்தக்க செய்திகள் சில உள்ளன. குற்றமற்ற கிரயப் பத்திரம், ஒப்புதல் பெற்ற வரைபடம், வெள்ளம் தேங்காத மனை, உறுதியான அடித்தளம், வடிகால், வெளிச்சம், காற்று ஆகியவற்றுக்குச் செய்யும் செலவு யார் வாங்கினாலும் அவருக்குப் பயன்படும். விற்காமல் நாமே வாழ்ந்தாலும் பயன்படும். குடும்பம் மாறும்போது சுவரை நகர்த்தவும் மாடி எழுப்பவும் இடம் விட்டுக் கட்டுவது, லெவிட்டவுனின் வெற்று மாடியைப் போல, பின்னால் வருபவருக்கும் உதவும். அன்றைய கவர்ச்சிக்காகச் சேர்ப்பவை பெரும்பாலும் விரைவில் பழையதாகின்றன.

இவற்றைத் தவிர்த்து, நாளை வாங்குபவரின் வெறுப்புகளை ஊகித்து எடுக்கும் முடிவுகள் மற்றொரு வகை. ஒக்கெமஸ் ஆசிரியர்களுக்குக் கடன் மறுத்ததும், டெட்ராய்ட்டில் சுவர் எழுப்பியதும் அவ்வகையைச் சேர்ந்தவை. முதல் வகை ஊகம் காலத்தால் பெரும்பாலும் மெய்ப்பட்டது. இரண்டாம் வகை பொய்த்தது. ஆயினும் அதற்கான இழப்பை ஊகித்தவர்கள் ஏற்கவில்லை. கடன் கிடைக்காதவர்களும், வீடு மறுக்கப்பட்டவர்களும், அவர்களின் பிள்ளைகளுமே ஏற்றார்கள்.